மெருகு போடாத ஒரு துண்டு

தலைமைப் பொறுப்பையும் தள்ளாடும் நாற்காலியையும் ஒருசேரத் தாங்கியிருக்கும் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மேலாளர் அவர்களே, மூத்த பெரியோர்களே, அழும் குழந்தையோடு என்னையும் பொறுத்துக்கொள்ளும் அருமைத் தாய்மார்களே, வணக்கம்.

பெட்டி கட்டும் பிரிவில் இருக்கும் என்னை, ஆலையின் ஆண்டு விழாவில் சிரிக்கவைக்கத்தான் மேடையேற்றினார்கள். இந்தத் தொந்தியைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் இன்று இந்த வயிறு எரிகிறது.

நாம் கொதிகலன்களுக்கு, உள்ளே நீர்மட்டம் காட்டும் பார்வைக் கண்ணாடி செய்கிறோம். போன மாதம் அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது ஒன்று வெடித்தது. சோதனைக்காரரின் கை கிழிந்தது. "திருகை ஓவரா முறுக்கிட்டான்" என்றார் மேலாளர். கையோடு அவர் வேலையும் போயிற்று.

அதே உலையில் அன்று வெந்த மிச்சக் கண்ணாடிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அங்கே எலக்ட்ரான் கருவியில் வேலை பார்ப்பவள் என் மனைவியின் தங்கை. எலக்ட்ரான் ஆழத்துக்குப் போகாது. மேல்தோலை மட்டும் விசாரித்துத் திரும்பும். கண்ணாடியில் அணுக்கள் உங்களைப்போல இஷ்டப்படி உட்கார்ந்திருக்கும். படத்தில் மங்கல் வளையம்தான் விழும். தோல் படிகமானால் அணுக்கள் அணிவகுக்கும். பளிச்சென்று புள்ளிகள் விழும். பின்வரிசையில் யாரோ "புரியல" என்கிறார். எனக்கும் மூன்றாம் முறைதான் புரிந்தது ஐயா.

வந்தது வெறும் வளையம். கண்ணாடி குற்றமற்றது, மனிதர் குற்றவாளி. ஏன் தெரியுமா? அத்தனையையும் தேய்த்து மெருகு போட்டு அனுப்பியிருந்தார் மேலாளர். "லேபுக்குப் போற பொருள் பளபளன்னு இருக்க வேணாமா?" பெட்டி கட்டும்போது அதில் முகம் பார்த்து, இல்லாத முடியைச் சீவிக்கொண்டவன் நான்.

மைத்துனியிடம் சொன்னேன். "தோலை உரிச்சு அனுப்பிட்டு, தோல்ல என்ன நோய்னு கேக்கறாங்களா அத்தான்? மெருகு போடாதது ஒண்ணுகூடவா இல்ல?"

இருந்தது. எங்கே இருந்தது? அலமாரியில் இல்லை, ஆலையில் இல்லை. அந்த மனிதரின் கைச்சதைக்குள் இருந்தது. மருத்துவர் எடுத்த துண்டை அவர் மனைவி மருந்துக் குப்பியில் வைத்திருந்தார். கழுவிப் பார்த்தாள் மைத்துனி. புள்ளிகள், தாய்மார்களே, புள்ளிகள்.

கண்ணாடியை ஆறவிடாமல் உலையிலேயே வாட்டினால் தோல் படிகமாகும். படிகத் தோல் விரிசல் விடும். வாட்டச் சொன்னது யார்? "விருந்தாளிங்க வந்து பாக்கற வரைக்கும் உள்ளயே கெடக்கட்டும்" என்று உலையைத் திறக்கவிடாதவர் யார்? எழுந்து போகாதீர்கள் மேலாளர் அவர்களே, தண்ணீர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

உங்களைப் பாராட்டி முடிக்கச் சொன்னார்கள். முடிக்கிறேன். கண்ணாடிக்கெல்லாம் மெருகு பூசினீர்கள். ஒரு மனிதரின் பெயருக்குக் கரி பூசினீர்கள்.

தலைவர் அவர்களே, இதோ அந்தக் குப்பி. அவரை வேலைக்குத் திரும்ப அழைக்கும்வரை உங்கள் மேசையில் இருக்கட்டும். யாரும் துடைக்க வேண்டாம். கடைசி வரிசையில் கட்டுப்போட்ட கையோடு நிற்பவர்தான் அவர். கைதட்டாதீர்கள், அவரால் திருப்பித் தட்ட முடியாது. எழுந்து இடம் கொடுங்கள், முன்வரிசையில்.

சிரிக்க வந்து என் சினத்தைக் கேட்டவர்களுக்கு நன்றி. வணக்கம்.