குளவிக்கூட்டுக்கு வரிக் கழிவு

— அப்ப இந்தக் குளவியெல்லாம் ஒங்க பேக்டரியில என்ன வேல செய்யுது, ஹாஜியார்? கொழுந்து வாட்டுதா, அரைக்குதா?

— குளவி எங்க சார் வேல செய்யுது? வேல செய்யிறவங்கள கொட்டுது. அதுதான் அதுட தொழில்.

— நான் வெளையாட்டுக்குக் கேக்கல. வரி ஆபீஸ்லருந்து இந்த மழையில லிந்துலைக்கு ஏறி வந்திருக்கேன். இது கொழும்புக் கம்பனி பில்லு. போன வருஷம் அறுபது குளவிக்கூடு எடுத்திருக்காங்க. கூட்டுக்கு இருபதாயிரம், மொத்தம் பன்னெண்டு லட்சம். அதுக்கு மேல நீங்க கட்டின வற் வரி ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். அந்த வரியத் திருப்பித் தாங்கன்னு எழுதியிருக்கீங்க.

— சோலைமலை சார், மொதல்ல டீயக் குடிங்க. ஆறிப்போனா எங்க தேயிலைக்குத்தான் கெட்ட பேரு.

— குடிச்சிட்டேன் ஜீவராணி. சீனி ரொம்பக் கூட.

— ஹாஜியார் கையால போட்டது சார் அது. வரி ஆபீஸ்னு கேட்டதும் கணக்குத் தப்பி நாலு கரண்டி விழுந்துருச்சு.

— தப்பல்ல புள்ள. விருந்தாளிக்கு அள்ளித்தான் போடணும்.

— சரி, விசயத்துக்கு வாறேன். இந்த பேக்டரிக் கணக்கு எழுதி, கையெழுத்துப் போட்டது நீங்கதானே ஜீவராணி? சட்டம் என்ன சொல்லுதுன்னா, தேயிலை செய்யத் தேவையான சேவையா இருந்தாத்தான் அதுக்குக் கட்டின வரியைக் கழிச்சுக் குடுக்கலாம். மெசின் பழுது பாக்குறது, சரி. லொறி வாடகை, சரி. குளவிக்கூடு? பேக்டரிக்குள்ள எத்தன கூடு இருந்துச்சு?

— பேக்டரிக்குள்ள ஒண்ணும் இல்லைங்க சார்.

— மதிலுக்குள்ள?

— அங்கயும் இல்லைங்க. எல்லாம் மேட்டுல. பாறையிடுக்குல, சவுக்கு மரத்துல, ஸ்கூல் பாதை வளைவுல.

— மேடு யாரு காணி?

— அங்க நூத்திப்பத்து குடும்பம் இருக்காங்க சார். ஆளுக்கு ஒரு துண்டு தேயிலை. அவுங்களே எடுத்து, அவுங்களே மூட்டையில கட்டி, கொழுந்த எங்களுக்கு விக்கிறாங்க.

— கூடு அவுங்க காணியில. கொட்டுனா அவுங்களுக்கு வீங்கும். பில்லு மட்டும் ஒங்க பேர்ல. இது எப்புடி பேக்டரி செலவு?

— கூடு இருந்தா அவுங்க மலைக்கு ஏற மாட்டாங்க சார். அவுங்க ஏறலன்னா கொழுந்து வராது. கொழுந்து வரலன்னா மெசினுக்குள்ள எதப் போடுறது? குளவியையா?

— நல்லாத்தான் பேசுறீங்க. வாயால சொன்னாப் போதாது. ஹாஜியார், பேக்டரி ஒங்களுது, நீங்க சொல்லுங்க. என்ன நோக்கத்துக்காக இந்தச் செலவு செஞ்சீங்க?

— அல்லாஹ்ட பொருத்தத்துக்காக. அவன் திருப்திப்படணும்னு.

— அதுக்கு இந்தப் பாரத்துல நெரப்ப எடம் இல்லையே.

— மொதலாளி!

— என்ன புள்ள காலப் போட்டு மிதிக்கிறே? இவர் கேட்டாரு, உள்ளத சென்னேன். இது சதகா சார். தர்மம். ஜீவராணி வரியத் திருப்பிக் கேட்டது எனக்கு இன்னக்கித்தான் தெரியும். தர்மம் பண்ணிப்போட்டு சில்லறையக் குடுன்னு கேக்கியதா? வெக்கமா ஈக்கி.

— ஐயா, இத என் காதுல போடாதீங்க.

— போடத்தான் வேணும். நல்லாக் கேட்டு எழுதுங்க.

— எழுதினா என்ன ஆகும் தெரியுமா? யாவாரத்துக்கு இல்லன்னு தெரிஞ்சே கழிவு கேட்டிருக்காங்கன்னு ஆகும். பொய்க் கழிவு. அதுக்கு தண்டப்பணம். கையெழுத்துப் போட்ட ஜீவராணிய நுவரெலியாவுக்கு விசாரணைக்குக் கூப்புடுவாங்க. பழைய மூணு வருசக் கணக்கையும் தோண்டச் சொல்லுவாங்க. தோண்டப் போறது யாரு? நான். வாற மாசம் எனக்கு மகள் கல்யாணம் வேற இருக்கு.

— கேட்டீங்களா மொதலாளி? நீங்க சொர்க்கத்துக்குப் போங்க, வேணாங்கல. போற வழியில என்னைய நுவரெலியாவுல எறக்கி விட்டுட்டுப் போறீங்களே!

— ஒன்னைய யாரு புள்ள இதக் கேக்கச் சென்னது?

— மேட்டுல இன்னும் ஒம்பது கூடு பாக்கி இருக்கு. அதுதான் கேக்கச் சொல்லுச்சு. கொழும்புக் கம்பனி முன்காசு இல்லாம ஏணியத் தூக்காது. இந்த ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம் கைக்கு வந்தா ஒம்பதையும் எடுத்துரலாம். சார், அதுல ரெண்டு கூடு புள்ளக்காம்பராவுக்கு நேர் மேல தொங்குது. அம்மாமாரு கைப்புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற எடம். பங்குனிக் காத்து அடிச்சா கூடு கலஞ்சிரும்.

— நீங்களே ஆள விட்டு எடுத்தா என்ன?

— மொத வருசம் அதத்தான் செஞ்சோம். நம்ம பேக்டரி ஆளு மூக்கன ஏணியோட அனுப்புனோம். அண்ணன் மூஞ்சி பூசணிக்காயா வீங்கி வீட்டுக்குப் போனாரு, கட்டின பொண்டாட்டியே யாருன்னு தெரியாம கதவத் தொறக்கல. அதுக்கப்புறம்தான் உடுப்பு, மருந்து, எல்லாம் உள்ள கம்பனி.

— ஒம்பது கூட்டுக்கும் நான் என் கையால குடுக்கிறேன் சார். அந்த வரிக் காச நீங்களே வச்சிக்கோங்க.

— எந்தக் கையால மொதலாளி? வலது கைக் காசு மெசினுக்குப் போயிருச்சு. இடது கைக் காசு கரண்டு பில்லுக்கு. ஒங்க வீட்டம்மா சுபைதாம்மா வளையல் போன மாசமே பேங்குக்குப் போயாச்சு.

— அது ஒனக்கு எப்புடித் தெரியும்?

— அடகு ரசீத என்கிட்டதானே பைல் பண்ணக் குடுத்தீங்க!

— ஹாஜியார், ஒரு நிமிசம். ஒங்களுக்கு ஏன் இந்தக் குளவி மேல இவ்வளவு கோவம்? வேற தர்மமே கெடைக்கலையா?

— மூணு வருசத்துக்கு முந்தி நாகலெட்சுமின்னு ஒரு புள்ள சார். முப்பத்தாறு வயசு. எங்களுக்கு விக்கிற கொழுந்த மலையில பறிச்சுக்கிட்டு ஈக்கச்சொல்ல குளவி கலஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே மவுத்து. சாவு வீட்டுக்குப் போனேன். அவட மாப்புள எனக்கு உக்கார கதிர போட்டு, டீ ஊத்திக் குடுத்தான். பெஞ்சாதி உள்ள கெடக்கிறா, எனக்கு சீனி போதுமான்னு கேக்கிறான். அந்த டீ இன்னும் எனக்கு எறங்கல்ல சார்.

— அதனாலதான் அறுபது கூடா?

— அதனாலதான் அறுபது கூடு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு கையேந்தி, யா அல்லாஹ், இந்த அறுபது கூட்டையும் என் கணக்குல எழுதிக்கன்னு கேக்கிறேன். திங்கக்கிழம ஒங்ககிட்ட வந்து அது யாவாரம்னு சொல்லவா? நிய்யத்து, மனசுல வைக்கிற நோக்கம், ஒண்டுதான் சார். ஆளுக்கு ஒண்டா மாத்த ஏலாது.

— பொய் சொல்லச் சொல்லல ஐயா. கொழுந்து வரணும்ங்கிறதும் ஒரு காரணம்னு ஒரே ஒரு வரி. ஒங்க அல்லாவுக்கும் பேக்டரி ஓடுறது விருப்பமாத்தானே இருக்கும்?

— அவனுக்கு விருப்பந்தான். ஆனா அவன்கிட்ட நான் அந்தக் காரணத்த சொல்லல்லையே.

— இருவத்தாறு வருச சர்வீஸ் எனக்கு. வரி கட்ட மாட்டேன்னு மல்லுக்கட்டுனவங்கள பாத்திருக்கேன். நாய அவுத்து விட்டவங்கள பாத்திருக்கேன். திருப்பிக் குடுக்கிறத வாங்க மாட்டேன்னு நிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன். இதுக்கு எந்தப் பாரம்னே தெரியல.

— சார், அவர் பேசுனத விட்டுருங்க. காலையிலருந்து சாப்புடல.

— சரி. ஹாஜியார், ஒங்க மனசு ஒங்களோட இருக்கட்டும். சட்டம் கேக்குறது மனசையே இல்ல. கூடு எடுத்ததால பேக்டரிக்கு என்ன கெடச்சிச்சு, அதுதான் கேள்வி. ஜீவராணி, போன வருசம் மேட்டுக் கொழுந்து கூடிச்சா?

— கூடல சார்.

— போச்சு.

— கொறையவும் இல்லைங்க.

— ஏன் கொறையணும்? மழை நல்லாத்தானே பேஞ்சிச்சு?

— வேணாம் சார். அது வேற கதை.

— என்ன வேற கதை? விசாரணைக்குப் போகப் போறது நீங்க. ஞாபகம் இருக்கட்டும்.

— சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார்.

— யாருக்கு புள்ள சத்தியம்? என்னைய வச்சிக்கிட்டு என்ன ஒளிக்கிறே?

— மேட்டு ஆளுங்களுக்காகப் பேசுற மீனம்மாவுக்கு. அம்மன் கோயில்ல, சூடம் கொளுத்தி.

— நான் ஒரு ஹாஜி, இவர் ஒரு வரி ஆபீஸர். ஒங்கட அம்மன் ரெண்டு பேரையும் மன்னிக்கும். சொல்லு.

— போன வருசம் தொடக்கத்துலருந்து மேட்டுக்கு வேறொரு பேக்டரி லொறி வருது. நம்ம வெலைய விட கிலோவுக்குப் பத்து ரூபா கூட.

— எங்கட மேட்டுக்கா? பத்து ரூபாவா?

— தெனம் காலையில வருது மொதலாளி. ஹாரன் அடிக்குது. அர மணி நேரம் நிக்குது. வெறும் லொறியாத் திரும்பிப் போகுது.

— ஏன்னு எனக்குத் தெரியும். எங்கட தராசு நேர்மையான தராசு.

— அவன் தராசும் நேர்மைதான். புதுசு, கரண்டுல எழுத்து ஓடுது.

— அப்ப எங்கட மொகத்துக்காக.

— ஒங்க மொகத்துக்கு யாரு பத்து ரூபா குடுப்பா மொதலாளி? நூத்திப்பத்து வீடும் கோயில்ல கூடிப் பேசிட்டாங்க. கூடு எடுத்துக் குடுக்கிறவருக்குத்தான் கொழுந்து, ஒரு வீடு கூட அந்த லொறிக்குப் போடக் கூடாதுன்னு. அந்த லொறிக்காரன்கிட்டயும் மீனம்மா கேட்டிருக்கு, நீ கூடு எடுப்பியான்னு. அவன் சிரிச்சானாம். போடான்னு அனுப்பிட்டாங்க.

— எனக்கு ஒரு வார்த்த சொன்னா என்ன? நானும் பத்து ரூபா கூட்டிக் குடுத்திருப்பேனே!

— இதுக்குத்தான் சத்தியம் வாங்குனாங்க! தெரிஞ்சா நீங்க வெக்கப்பட்டுக்கிட்டு வெலையக் கூட்டிருவீங்க. வெலையக் கூட்டுனா கூடு எடுக்கக் காசு இருக்காது. அந்த மனுசனுக்கு நல்ல மனசு, கணக்கு மட்டும் வராதுன்னு மீனம்மா சொல்லுச்சு.

— ஜீவராணி, ஒரு நிமிசம். போன வருசம் மேட்டுக் கொழுந்து எத்தன கிலோ?

— ஒரு லட்சத்து நாப்பதாயிரம் சார்.

— கிலோவுக்குப் பத்து ரூபா வேணாம்னு விட்டிருக்காங்க. பதினாலு லட்சம். கம்பனி பில்லு வரியோட சேத்து பதினாலு லட்சத்துப் பதினாறாயிரம். ஹாஜியார், ஒங்க கையிலருந்து போனது பதினாறாயிரம். மிச்சமெல்லாம் மேட்டு ஆளுங்களோடது.

— திரும்ப ஒருக்கா சொல்லுங்க சார்.

— வேணும்னா எழுதியே தாறேன். ஜீவராணி, எனக்கு இதுதான் வேணும். இந்தச் சேவை இல்லாட்டி கொழுந்து அந்த லொறியில போயிருக்கும். பேக்டரி ஓடுறதே இதாலதான். மீனம்மாகிட்ட ஒரு கடிதம் வாங்கி, எடைப் புத்தகத்தோட பிரதி ஒண்ணு சேத்துக் குடுங்க. கழிவ அனுமதிக்கலாம்னு நான் எழுதுறேன்.

— அப்ப ஒம்பது கூடு, சார்?

— ஒம்பதும் எடுக்கலாம். புள்ளக்காம்பராவுல இருந்து தொடங்குங்க.

— சாமி! மொதலாளி, கேட்டீங்களா?

— என்ன ஹாஜியார்? இன்னமும் தர்மம்னுதான் சொல்லப் போறீங்களா?

— தர்மந்தான் சார். குடுத்த ஆளுதான் நான் இல்ல. ஜீவராணி...

— சொல்லுங்க மொதலாளி.

— பொய்க் கழிவு கேட்டது நீ இல்ல புள்ள, நான். போன வருசம் பூரா, வெள்ளிக்கிழம தவறாம அல்லாஹ்கிட்ட கேட்டிருக்கேன்.