அவசர அழைப்பறை அக்காவுக்கு, அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள்

முகம் காணாமலே முகவரி கேட்டு, முகவரி கிடைத்த மறுகணமே மூச்சு வருகிறதா என்று கேட்டு, முப்பத்தோராண்டு ஒரே இருக்கையில் அமர்ந்து, ஆம்புலன்ஸ் போய்ச் சேருமுன்னே ஆறுதலை அனுப்பி வைத்த அன்புக்குரியவரே! அதிகாரியும் ஓட்டுநரும் ஒருசேர 'அக்கா' என்றழைக்கும் பேறு பெற்ற பெருந்தகையே! உங்கள் வழக்கப்படியே உங்களுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

இம்மடலைத் 'தாங்கள்' என்றுதான் தொடங்கியிருந்தோம். நேற்று ஒத்திகையின்போது, "யாருடி அந்தத் தாங்கள்? புதுசா யாராவது வேலைக்குச் சேந்திருக்காங்களா?" என்று பக்கத்து அறையிலிருந்து நீங்கள் கேட்டுவிட்டபடியால், அத்தனை 'தாங்களை'யும் அடித்துவிட்டு 'நீங்கள்' ஆக்கியிருக்கிறோம். இன்னொன்றையும் பொறுத்தருள வேண்டும். உங்கள் பணி நிறைவு விழா இந்த அழைப்பறையிலேயே நடக்கிறது. பாதிப் பேர் காதில் ஹெட்செட்டோடு நின்றுதான் உங்களை வாழ்த்துகிறார்கள். அழைப்பு வந்து சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த வரியானாலும் அங்கேயே நிற்கும். படிப்பவளோ, உங்கள் பக்கத்து இருக்கைக்காரி. உங்களாலேயே 'படபடப்பு' என்று பட்டம் சூட்டப்பட்டவள்.

அச்சத்தின் உச்சத்தில் அழைப்போருக்கு அடைக்கலமானவரே! இந்த அறைக்கு நல்ல செய்தி சொல்ல எவரும் அழைப்பதில்லை. விழுந்தவர், வெந்தவர், வலி கண்டவர், விடாமல் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் என்று அழைக்கிறவர் அனைவருக்கும் வேண்டுவது ஒரே ஒரு சொல்: 'ஒன்றும் ஆகாது.' அச்சொல்லை மட்டும் நீங்கள் யாருக்கும் தந்ததில்லை. எங்களையும் தரவிட்டதில்லை. "ஆகுமா ஆகாதான்னு நமக்கென்ன தெரியும்? தெரியாதத சொல்லக் கூடாது. லைன்லயே இருக்கேன்னு சொல்லு, அது உண்மை" என்பீர்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகினோம்.

ஹெட்செட்டை மாட்டுமுன் மேசைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் கண் மூடுவீர்களே, அதைக் கண்டு "என்னக்கா, சிஸ்டம் ஹேங் ஆயிருச்சா?" என்று கிண்டல் செய்தவர்கள் நாங்கள்தாம். "மேல லைன் இருக்கான்னு பாத்துக்கிறேன், நீ உன் வேலையைப் பாரு" என்று நீங்கள் சொன்னதோடு சரி. அதற்குமேல் எவருக்கும் எந்நாளும் பிரசங்கம் செய்ததில்லை. விசைப்பலகையில் பிஸ்கட் தூள் சிந்தியவர்களுக்குச் செய்த பிரசங்கங்கள் வேறு. அவை நீளமானவை, அவற்றில் இரக்கமும் இருந்ததில்லை.

எங்களில் ஜெபிக்கத் தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. ஆயினும் ஒரு மத்தியானத்தை எவரும் மறக்கவில்லை. அழைத்தவருக்குப் பேச்சு வரவில்லை. வெறும் மூச்சுச் சத்தம். திரையில் முகவரி வந்துவிட்டது, வண்டியும் கிளம்பிவிட்டது, விதிப்படி நம் வேலை முடிந்துவிட்டது. நீங்களோ, "நான் பேசறது கேட்டா போன்ல ஒரு தட்டு தட்டுங்க" என்றீர்கள். தட்டு கேட்டது. வண்டி போய்ச் சேரும் வரை நீங்கள் பேச, அவர் தட்ட, அப்படியே நேரம் போயிற்று. பிறகு தேநீர் குடிக்கையில் சொன்னீர்கள்: "நானும் பல நாள் இப்படித்தான் ஜெபம் பண்றேன். ஒரு வார்த்தை வராது, வெறும் மூச்சுதான். கேவலம் நாமளே அந்த ஆள் போனை வெக்கல. இயேசப்பா வெச்சுருவாரா?" அன்று வீட்டுக்குப் போகும் வழியில், ஜெபிக்கத் தெரியாத ஒருத்தி பேருந்தில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டே வந்தாள். அது நான்தான்.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று உங்கள் மகளிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன், இதே அறையில், ஓர் அழைப்பு. ஒருவர் பேச, பக்கத்து இருக்கைக்காரர் அதே அழைப்பைக் கேட்டுக்கொண்டே வண்டி அனுப்புவது நம் நடைமுறை ஆதலால், நானும் கேட்டேன். ஒரு பெண் குரல், அழுகையும் இரைப்புமாய்: "அப்பா விழுந்துட்டாரு, எந்திரிக்கல." நீங்கள் வழக்கம்போல், "பதறாதீங்கம்மா, முகவரி சொல்லுங்க" என்றீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து: "அம்மா... நம்ம வீடும்மா."

ஆயிரம் பேரின் அச்சக் குரலை அடையாளம் கண்ட காதுக்கு, பெற்ற மகளின் குரல் பிடிபடவில்லை. அச்சம் எல்லாக் குரலையும் ஒன்றாக்கிவிடுகிறது. நான் அழைப்பை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், தலையாட்டி மறுத்தீர்கள். "சரி கண்ணு. முகவரிய முழுசா சொல்லு" என்று மறுபடியும் கேட்டு, அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தீர்கள். "நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு அமுக்கு. நான் எண்ணுறேன், நீ அமுக்கு." வண்டி வாசலில் நிற்கும் வரை எண்ணினீர்கள். குரல் அசையவில்லை. ஹெட்செட்டைக் கழற்றிய பிறகுதான், "எனக்கு எங்க வீட்டு முகவரி மறந்து போச்சுடி" என்று அழுதீர்கள். நாங்கள் சுற்றி நின்றோம்.

அத்தான் பிழைத்தார், அதற்கு ஸ்தோத்திரம். ஆனால் நாளைக் காலை அவர் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். பலவீனமான இருதயம், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னதை நீங்களே எங்களிடம் சொன்னீர்கள். விழாவைத் தள்ளி வைக்கலாம் என்று மேற்பார்வையாளர் மன்றாடியபோது, "வீட்ல சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும், மாலையப் போட்டு அனுப்புங்க" என்றுவிட்டீர்கள். போட்டுவிட்டோம். கேக் வெட்டியும் ஆயிற்று.

நேற்று, "பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன். இவ்வளவு விசுவாசம் உள்ளவர் இல்லை என்பார் என்றிருந்தேன். "இல்லாம? இயேசப்பாவுக்கே சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல வேர்த்துக் கொட்டுச்சு. கூட இருங்கன்னு சிநேகிதங்களக் கூப்புட்டாரு. அவங்க தூங்கிட்டாங்க" என்றீர்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே, "அவருக்கே பக்கத்துல ஆள் வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தீர்கள். அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

பண்பின் பெட்டகமே! இவ்விடத்தில் 'நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க' என்று எழுதுவது மரபு. எழுதினோம், அடித்தோம், மறுபடி எழுதினோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எங்களால் ஆகவில்லை. ஆகவே, நீங்களும் அத்தானும் நெடுங்காலம் நலமாய் வாழ வேண்டுமென்று ஆண்டவரிடம் கெஞ்சிக் கேட்கிறோம். ஜெபிக்கத் தெரியாதவர்களும் கேட்கிறோம். பயத்தோடுதான் கேட்கிறோம்.

இந்த அறையிலிருந்து இதுவரை எவரும் அழைத்தவரை நேரில் போய்ப் பார்த்ததில்லை. வண்டிக் கதவுச் சத்தம் கேட்டதும் இணைப்பு அறுந்துவிடும். பிழைத்தாரா, இல்லையா என்பதுகூட நமக்கு வராது. நாளை அப்படியில்லை. மருத்துவமனையில் அறுவை அரங்குக்கு வெளியே போட்டிருக்கும் நீல பெஞ்சில், முறை வைத்து ஒவ்வொருவராய் வருகிறோம். மேற்பார்வையாளரும் ஒரு முறை எடுத்திருக்கிறார். நீங்கள் எங்களிடம் பேச வேண்டியதில்லை. எங்களுக்குத் தைரியம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காதீர்கள், கேட்கப் போவதில்லை. முதல் முறை என்னுடையது. நான் தூங்க மாட்டேன் அக்கா.

இங்ஙனம்,
நாளை உங்கள் பக்கத்தில் உட்காரப் போகும்
அவசர அழைப்பறைப் பணியாளர்கள்