பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்

— சத்தம் போடாதீங்க ரங்கராஜண்ணா, பெஞ்சுல உக்காந்திருக்கறவருக்குக் கேட்டுரும்.

— அதுக்குத்தான் உன்னைய மருந்து ரூமுக்குள்ள கூப்பிட்டேன் லாஸ்யா. அந்தாளு நோயாளியே கெடையாது அம்மணி. நம்ம ஆஸ்பத்திரிக்கு சர்க்காரு குடுக்கற கிராண்டுக்கு மார்க் போட வந்த ஆபீசரு. போன வாரம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இப்படித்தான், லுங்கியக் கட்டிட்டு நெஞ்சுவலின்னு ஒரு ஆபீசரு வந்தாராம்.

— செக்கிங் இன்னைக்குத்தானுங்களா?

— இன்னைக்கேதான். டாக்டரம்மா திருப்பூர் மீட்டிங் போன நேரமாப் பாத்து வந்திருக்காரு. ஜோப்புல பேனா பாத்தியா? வந்ததும் என்ன கேட்டாரு? பாம்புக்கடி மருந்து இருப்பு இருக்குங்களான்னு. நெசமாக் கடிபட்டவன் ஊசியப் போடுன்னு கத்துவான். இருப்பா கேப்பான்?

— ராத்திரி சோளக்காட்டுல வெறுந்தரையில படுத்தாராம். வெடியக்காலையில இருந்து வவுத்துவலி, எச்சி முழுங்க முடியலைங்கறாரு.

— கடிவாய் இருக்குதா?

— தேடித் தேடிப் பாத்துட்டனுங்க, காணோம். ஆனா கட்டுவிரியன் கடிச்சா தடமே தெரியாதுன்னு படிச்சிருக்கனுங்கண்ணா.

— அதைத்தான் அவரும் படிச்சுப்போட்டு வந்திருக்காரு! கடியில்லாதவனுக்கு ஊசி போட்டுப் பாழாக்கறமான்னு பாக்க. போட்டயின்னா மார்க் போச்சு. மூணு வருச கிராண்டும் போச்சு.

— என்ற சம்பளமே அந்தக் கிராண்டுலதானுங்க வருது. நின்னுபோச்சுன்னா நானும் என்ற புள்ளையும் எங்கீங்க போறது?

— அப்ப சொன்னதக் கேளு. சிரிச்ச மொகமா டீயக் கொண்டுபோய்க் குடு.

— ஏனுங்க... நர்ஸம்மா...

— இதா வாரனுங்கய்யா! சூடா டீ குடிங்க.

— எறங்காதுங்க... நீங்க ஒருத்தரே ரெண்டு பேராட்டத் தெரியறீங்க... பேரு அப்புசாமின்னு எழுதிக்கங்க... கொஞ்சம் வெரசா...

— பாத்தியா அம்மணி, பேரு எழுதறமான்னு பாக்கறாரு. இங்க வா.

— அண்ணா, அவரால கண்ணத் தெறக்க முடியலைங்க. வெரல வச்சு ரெப்பையத் தூக்கிப் பாக்கறாரு.

— எத்தன ஊரு செக்கிங் பாத்தவரு, நடிக்கத் தெரியாதா?

— தலை தொங்கிப்போச்சுங்கண்ணா! ஆம்புலன்சாச்சும் கூப்பிடறனே?

— மருந்த உள்ள வச்சுக்கிட்டு வெளிய அனுப்பறீங்களான்னு அதுக்கும் மார்க் வெட்டுவாங்க. எனக்கு மட்டும் பயமில்லையா? ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் நாலு மாசம். சித்த பொறு.

— போன் அடிக்குதுங்க. மாவட்ட ஆபீசு நம்பரு.

— வணக்கமுங்க சார்... ரங்கராஜ்தானுங்க... அப்படிங்களா! ரொம்ப சந்தோசமுங்க... என்னங்க சார்? ஆருமே...? சரிங்க.

— என்னங்கண்ணா? ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?

— நாம பாஸு அம்மணி. நாம முன்னமே அனுப்புன ஆஸ்பத்திரி போட்டோவப் பாத்தே மார்க் போட்டுட்டாங்களாம். இங்க ஆரையும் அனுப்பவே இல்லையாம்.