கலர் மருந்து

சென்னம்மாள்: ஏனுங்க, பஸ்ஸு காரவள்ளி தாண்டி மலையேறியாச்சு. ஆஸ்பத்திரியை விட்டுக் கெளம்பினதுல இருந்து ஒரு வார்த்தை பேசலீங்களே நீங்க?

காளியண்ணன்: வளைவுல திரும்புதில்ல... தலை சுத்துது.

சென்னம்மாள்: மலையில பொறந்தவருக்குத் தலை சுத்துதாக்கும். மூணு மாசமா தள்ளிப்போயிருக்கிறது எனக்கு. நான்தானே சுத்துதுன்னு சொல்லணும்?

காளியண்ணன்: ம்...

சென்னம்மாள்: என்னைய வெளிய உக்காரச் சொல்லிட்டு டாக்டரம்மா உங்ககிட்ட என்னதான் சொன்னாங்க?

காளியண்ணன்: சத்தா சாப்பிடச் சொன்னாங்க.

சென்னம்மாள்: அதைச் சொல்ல அரை மணி நேரமா?

காளியண்ணன்: மீன் தீவனத்தை இனிமேல் நீ பிசைய வேண்டாம். நான் பாத்துக்கறேன்.

சென்னம்மாள்: நம்ம தொட்டியில விக்கிறதுக்கு வளக்குற கப்பி மீனுக்கும் டாக்டரம்மாவுக்கும் என்னங்க?

காளியண்ணன்: ஊட்டுல என்ன வேலைன்னு கேட்டாங்க. தீவனத்துல கலக்குற கலர் மருந்தைப் பத்திச் சொன்னேன்.

சென்னம்மாள்: அது மீனுக்குத்தானுங்களே. பொட்டைக் குஞ்சுகூட ஆம்பள மீனாட்டம் வாலு விரிஞ்சு, கலர் ஏறி, வெரசா வளருது...

காளியண்ணன்: ஆம்பளையாக்குற மருந்து புள்ள அது. ஒரு வருசமா தினமும் வெறுங்கையில பிசைஞ்சிருக்கற. தோலு வழியாவே உள்ளாற எறங்கிருமாம்.

சென்னம்மாள்: எறங்கி...? ஏனுங்க... கொழந்தைக்கு ஏதாச்சும்...

காளியண்ணன்: கொழந்தை இல்ல, சென்னா. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. அந்த மருந்தாலதான் மாசாமாசம் வர்றது நின்னுபோயிருக்கும்னு சொல்றாங்க.

சென்னம்மாள்: ...எங்கம்மா அரியூர்ல எஸ்.டி.டி. பூத்துலயே உக்காந்திருக்கும், சேதி கேக்க. தொட்டிலுக்குப் பழைய சேலையெல்லாம் தொவைச்சு வெச்சிருக்குது.

காளியண்ணன்: அழுவாத. மருந்தைத் தொடாம இருந்தா சரியாவறதுக்கு வாய்ப்பு இருக்குதுன்னாங்க.

சென்னம்மாள்: நான் அழுவலீங்க.

காளியண்ணன்: இன்னொண்ணு... மருந்து குடுத்தப்பவே அந்த சேலத்து வியாபாரி ரப்பர் கையுறையும் குடுத்தான். பொம்பளைங்க தொடவே கூடாதுன்னு சொன்னான்.

சென்னம்மாள்: எப்ப?

காளியண்ணன்: மொத நாளே. முப்பது தொட்டி... ஒத்தையாளா பாக்க முடியாது. சொன்னா நீ கிட்டவே வரமாட்டேன்னு நெனச்சு, கையுறையைக் கொண்டுபோயி பரண்ல போட்டுட்டேன். ஏதாச்சும் சொல்லு. திட்டவாச்சும் செய்யி.

சென்னம்மாள்: ஆடி மாசமே எனக்கு மேலுதட்டுல முடி மொளைச்சிருச்சுங்க. உங்க பிளேடை எடுத்துத்தான் வழிச்சுக்கிட்டேன். பொட்டை மீனு என்னவா ஆவுதுன்னு தினமும் பாக்கறவளுக்கு, எதனாலன்னு தெரியாமயா போவும்?

காளியண்ணன்: தெரிஞ்சுமா பிசைஞ்ச? ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?

சென்னம்மாள்: சொன்னா தொட்டியையெல்லாம் கவுத்துட்டு, போர்வெல் போடுற வண்டியோட மறுபடியும் வடக்க போயிருவீங்க. போன தடவை போயி ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வந்தீங்க. நீங்க ஊட்டுல இருந்தாத்தானுங்களே... கொழந்தைன்னு ஒண்ணு.