ஒரே வெள்ளைக் குதிரைக்கு ஊரெல்லாம் மாப்பிள்ளை மரியாதை

அவையின் தலைவராக அமர்ந்திருக்கும் ஆண்டர்சன்பேட்டைத் துணிக்கடை அதிபர் அண்ணன் கோதண்டராமன் அவர்களே! அவருக்கு இருபுறமும் விறைப்பாக வீற்றிருக்கும் மட்டக்குதிரை பாதுகாப்புச் சங்கத்தின் பொறுப்பாளர்களே! முழங்கால் வலியோடு வந்து முன்வரிசை பிடித்திருக்கும் முன்னாள் சுரங்கத் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்த அன்புத் தாய்மார்களே! பெங்களூர் ரயிலில் நின்றபடி வந்து, இங்கேயும் நின்றபடியே இருக்கும் இளைஞர்களே! மேடைக்கு வலப்பக்கம் மாலையும் மரியாதையுமாக நின்று, நம்மில் ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்காத வெள்ளையப்பனே! மாரிகுப்பம் ராஜப்பாவின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளையப்பன் தலைவர் வீட்டுக் குதிரை. நம் தங்கவயலின் குள்ளமான மட்டக்குதிரை இனத்தில் முழு வெள்ளையாகப் பிறந்து வளர்ந்தது இது ஒன்றுதான். கல்யாண ஊர்வலமா? இதுதான். கரக ஊர்வலமா? இதுதான். கட்சி ஊர்வலமா? கட்சி எதுவானாலும் இதுதான்! இன்று இதற்கு ‘இனக் காவலன்’ என்று பட்டம் சூட்டுகிறார்கள். பாராட்டிப் பேச என்னை அழைத்தார்கள். பாராட்டுகிறேன், குதிரையைப் பாராட்டுகிறேன். பட்டம் கொடுத்த புத்தியைப் பாராட்டத்தான் வாய் வர மறுக்கிறது!

கைதட்டாதீர்கள். கைதட்டுகிற நீங்களும் அந்தப் புத்தியில் பங்குதாரர்கள்தான்.

என்ன செய்தோம் நாம்? வெள்ளைக் குட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டோம். ஊரிலுள்ள பெட்டைகளை எல்லாம் வெள்ளையப்பனிடம் ஓட்டிக்கொண்டு போனோம். மற்ற ஆண் குதிரைகளை என்ன செய்தோம்? சிவப்பா, காயடி! கறுப்பா, காயடி! நெற்றியில் ஒரு புள்ளி இருக்கிறதா, அதையும் காயடி! அதற்குச் சங்கம் சூட்டிய பெயர் சுத்த ரத்தம். வெள்ளையப்பனுக்குப் பிறந்த பெட்டை வளர்ந்தது. அதை எங்கே ஓட்டினோம்? வெள்ளையப்பனிடம். அதற்குப் பிறந்ததை? அதையும் வெள்ளையப்பனிடமே!

அட, என் அருமை மக்களே! பெண் பார்க்கப் போனால், செருப்பைக் கழற்றும் முன்பே குலதெய்வம் எது என்று விசாரிப்பவர்கள் நாம். பங்காளி முறை என்று தெரிந்துவிட்டால், போட்ட காப்பியைக் குடிக்காமல் எழுந்து வருபவர்கள் நாம். இத்தனை உறவுமுறை பார்க்கிற ஊர், குதிரை லாயத்துக்குள் மட்டும் அப்பனையே மகளுக்கு மாப்பிள்ளை ஆக்கி, அதற்கு மேளமும் கொட்டுகிறதே! வெட்கமாக இல்லையா?

சிரிக்கிறீர்கள். ஆனால் அதோ, தூணோரம் நிற்கும் வாசு சிரிக்கவில்லை. கல்யாணங்களுக்குக் குதிரை விட்டுப் பிழைப்பவர் அவர். அவருடைய பெட்டை மல்லிகை வெள்ளைக் குட்டி போட்டபோது ஊரே பார்க்கப் போனது, நானும் போனேன். குட்டியின் கீழ்த்தாடை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மடியில் வாயை வைக்கும், வழுக்கும். மறுபடி வைக்கும், மறுபடி வழுக்கும். வாசு பாட்டிலில் பாலூட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. செத்துக் கிடந்த குட்டியை மல்லிகை நக்கிக்கொண்டே நின்றது.

நம் சங்கம் என்ன சொன்னது தெரியுமா? திருஷ்டி! பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்த லாயத்திலும் அதே தாடையோடு ஒரு குட்டி பிறந்தது. அமாவாசை தோஷம் என்றார்கள். அதற்கடுத்த குட்டி எழுந்தே நிற்கவில்லை. அதற்கு ஒரு காரணம் தேடி இன்றுவரை அலைகிறார்கள்.

என்ன தம்பி? “அல்லாம் அந்த சயனைடு தூசிதாண்ணே” என்கிறாயா? நன்றாகச் சொன்னாய்! அந்தத் தூசி பறக்கும் சுரங்கக் கழிவு மண்மேட்டின் அடியில்தான் தங்கம்மா வீட்டுப் பழுப்புக் குதிரை கட்டையன் மேய்கிறது. பூதிகோட்டை ஊர்ப் பெட்டைக்கும் அதற்கும் பிறந்த குட்டி போன வாரம் என் தொடையில் ஓர் உதை விட்டது. இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது, வந்து பார். தூசி என்ன, ஆள் பார்த்தா விழுகிறது?

கால்நடை மருத்துவர் ஷைலா அம்மா இதே மேடையில் விளக்கினார். தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வாங்கித்தான் குட்டி பிறக்கிறது. ஒரு பக்கம் வந்த குறையை மறுபக்கம் வந்த நல்லது மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே தகப்பனிடமிருந்து வந்தால், குறையை எது மூடும்? விதவிதமான ரத்தம் இருப்பதுதான் ஓர் இனத்தின் மரபணு வளம் என்றார். சங்கம் அவருக்குச் சால்வை போட்டது, கூட நின்று போட்டோ எடுத்தது. அவர் சொன்னதை மட்டும் மேடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனது!

பூமிக்கடியில் உழைத்த தோழர்களே, உங்களைக் கேட்கிறேன். ஷாஃப்ட் குழி எவ்வளவு உறுதியாக இருக்கட்டும், ஆளை இறக்கும் கேஜ் எவ்வளவு புதிதாக இருக்கட்டும். வெளியேற இரண்டாவது வழி இல்லாத சுரங்க லெவலில் ஷிஃப்டுக்கு இறங்குவீர்களா? மாட்டீர்கள்! நமக்கு இரண்டாவது வழி வேண்டும் என்று கொடி பிடித்தோம், கோஷம் போட்டோம். குதிரைக்கு இருந்த வழிகளையெல்லாம் நம் கையாலேயே அடைத்தோம். மிச்சம் இருப்பது ஒரே வழி. அதன் பெயர் கட்டையன்.

கட்டையன் அழகனல்ல. ஒரு காது சாய்ந்திருக்கும். ஷாமியானாக் கம்பு ஏற்றிய வண்டியை இழுக்கும். ஆனால் வெள்ளையப்பனுக்கு உறவில்லாத, காயடிக்கப்படாத ஆண் இந்தத் தங்கவயலில் அது ஒன்றுதான். நாளைக் காலை இந்த மைதானத்தில் என்ன நிகழ்ச்சி? இலவசக் காயடிப்பு முகாம்! அதில் முதலில் படுக்கவைக்கப் போவது யாரை? கட்டையனை! வெள்ளையாய்ப் பிறந்தவனுக்குப் பட்டம், பழுப்பாய்ப் பிறந்தவனுக்குக் கத்தி! பாதுகாப்புச் சங்கமாம், பாதுகாப்பு! உங்களிடமிருந்து இந்த இனத்தைப் பாதுகாக்க இன்னொரு சங்கம் வேண்டும்!

தங்கம்மா மூன்றாவது வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். நேற்று என்னிடம் சொன்னார்: “வாணாம்னு சொன்னா ஊர்வலத்துல எங்கியும் வண்டி உட மாட்டோம்னு சொல்றாங்கண்ணே. வண்டி ஓடலன்னா நான் இன்னா பண்றது?” ஒரு பெண்ணின் பிழைப்பை மிரட்டித்தான் உங்கள் சுத்த ரத்தம் சுத்தமாக வேண்டுமா? தலைவரே, என்னை முறைத்துப் பயனில்லை. தங்கள் லாயத்திலும் இரண்டு குட்டிகள் பால் குடிக்காமல் போயின. அந்தத் துக்கத்தை மறைக்கத்தானே இந்த மாலை?

நான் தீர்மானம் எதுவும் கொண்டுவரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பெட்டைகளைக் கட்டையனிடம் கொண்டுவர யார் யார் தயார்? கையைத் தூக்குங்கள்!

முதல் கை வாசு! இன்னாப்பா சொல்றே, உரக்கச் சொல்லு. “மல்லிகைய நானே இட்டுனு வரேண்ணே. குட்டி இன்னா கலரா இருந்தா இன்னா? எழுந்து பால் குடிச்சா போதும்!”

கேட்டீர்களா? அதோ இன்னொரு கை. அதோ, தாய்மார்கள் பக்கம் இரண்டு கைகள். தலைவரே, தங்கள் கை ஏன் பாதியில் நிற்கிறது? கூச்சப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம். ஆம், அப்படித்தான்!

திட்டு வாங்கியும் எழுந்து போகாத உங்களுக்கும், எழுந்து போன மானஸ்தர்களுக்கும், என்னை நம்பி மைக்கைக் கொடுத்து ஏமாந்த சங்கத்துக்கும் என் நன்றி. வணக்கம்.

தங்கம்மா, நாளைக் காலையில் கட்டையனை இங்கே ஓட்டி வராதீர்கள். கொள்ளு வைத்து வாசலிலேயே கட்டுங்கள். நாங்கள் எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.