சேர்க்கும் அனுமதி

வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் சாப்பிடுவதில்லை. அன்றைக்கும் வெள்ளவத்தைச் சைவக்கடையில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் நவமணி லொட்ஜுக்குப் போனேன். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, ஜூலை மாதம். சட்டத்தரணி ஐயா திகதி கேட்டதால் சொல்கிறேன்.

லொட்ஜுகளுக்குக் கம்ப்யூட்டரில் ஆட்களின் பதிவேடு செய்து கொடுப்பது என் தொழில். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களின் பெயர்கள் தினமும் ஆறு மணிக்குள் பொலிசுக்குப் போக வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் சோதனைக்கு வருகிறவர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இல்லாவிட்டால் ஜீப்பில் ஏற்றுவார்கள். ஏற்றிய எல்லோரும் திரும்பி வருவதில்லை.

அப்படிப்பட்ட பதிவேட்டைக் கண்டவர்கள் தொட விடலாமா? ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தேன். யார் என்ன செய்யலாம் என்பதற்குச் சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றில் சரி அடையாளம். முதலாளி நமசிவாயம் பார்க்கலாம், மாற்ற முடியாது. வரவேற்பு மேசையில் இருந்த ஜெகதீஸ்வரி புதுப் பெயர் சேர்க்கலாம், அழிக்க முடியாது. நான் எல்லாம் செய்யலாம். பேனையால் எழுதிய பெயர் செல்லாது என்று பட்டியலின் அடியில் சிங்களத்தில் அச்சிட வைத்ததும் நான்தான். சார்ஜன்ட் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டார்.

ஜெகதீஸ்வரி நல்ல பிள்ளை, கவனம்தான் குறைவு. பாஸ்வேர்டைத் துண்டில் எழுதி மொனிட்டரில் ஒட்டியிருந்தாள். மூன்று தரம் சொன்னேன். என் பூட்டுகளால் எல்லோருக்கும் தலையிடி என்று முதலாளிக்கு முன்னால் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அண்ணை என்று என்னைக் கூப்பிடுவதும் பிடிக்கவில்லை. தை மாதம் எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு என் சாதகம் போயிருந்தது. பொருத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவள் மத்தியானம் சாப்பிட எழும்பிப் போனதும், அவள் பெயருக்கு நேரே 'சேர்க்கலாம்' என்ற பெட்டியில் இருந்த அடையாளத்தை எடுத்தேன். பாஸ்வேர்டின் அருமை தெரியட்டும் என்றுதான். பிறகு பஸ் பிடித்துக் கொச்சிக்கடையில் என் அறைக்கு வந்துவிட்டேன்.

நாலரைக்கு அறைக்குக் கீழே பலீல் நானாவின் கடைக்கு ஜெகதீஸ்வரியின் போன் கோல் வந்தது.

"அண்ணை, புதுப் பேர் ஏறுதில்லை. நவரத்தினத்தின்ர பேர். ஆறு மணிக்குள்ள குடுக்கோணும்."

அனுமதியில் ஏதோ பிழை, எழுத்தில் கேட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வைக்கட்டும், திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன்.

"திங்கட்கிழமையோ? அதுக்குள்ள ஆளைக் கொண்டு போயிடுவாங்கள், அண்ணை."

ஒழுங்கென்றால் ஒழுங்குதான் என்றேன். அப்படியென்றால் என் பாஸ்வேர்டைச் சொல்லச் சொன்னாள், தானே ஏற்றுவாளாம். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. அழத் தொடங்கினாள். நானாவுக்கு வியாபார நேரம், நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் நவரத்தினத்தின் பெயரைப் பேனையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சார்ஜன்ட் அடியில் இருந்த வரியைக் காட்டிவிட்டு, அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினார். சனிக்கிழமை விடியச் சோதனை வந்தது. நவரத்தினத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழு மாதமாகிறது. எந்த முகாமிலும் அப்படியொரு ஆள் இல்லை என்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக அடையாளத்தைத் திரும்பப் போட்டேன். ஜெகதீஸ்வரி வேலைக்கு வரவில்லை.

நவரத்தினம் யாரென்று எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அன்று சாப்பிடப் போகுமுன் அவளே சொன்னாள். அடுத்த மாதம் கலியாணமாம். மாப்பிள்ளை கொட்டாஞ்சேனை வீட்டில் பதிவை வெட்டிக்கொண்டு பின்னேரம் இங்கே வருகிறாராம். இரண்டு இடத்திலும் பெயர் இல்லாமல் இருப்பது பயமாக இருக்கிறது, வந்த உடனே ஏற்றிவிட வேண்டும் என்றாள். நல்லது பிள்ளை என்று வாழ்த்தினேன். அவள் எழும்பிப் போனாள். அதற்குப் பிறகுதான் பெட்டியில் இருந்த அடையாளத்தை எடுத்தேன்.

பாஸ்வேர்ட் எழுதிய அந்தத் துண்டையும் கேட்டீர்கள். அதை அவள் அன்றைக்கு ஒரு கிழமைக்கு முன்பே கிழித்து எறிந்துவிட்டாள். என்றாலும், பாஸ்வேர்ட் விஷயத்தில் ஆட்கள் கவனமாக இருக்கத்தானே வேண்டும், ஐயா.