உறுமலை எடுத்துவிட்டேன்

நாய் தண்ணீர் குடிக்கிற கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவர்கள் நூறு பேரில் ஐந்து பேர்கூடத் தேற மாட்டார்கள். தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு வேறு ஊற்றுவார்கள். உள்பக்கம் விரலை வைத்துத் தடவினால் வழவழவென்று இருக்கும். ஒரு வீட்டுக்குக் குட்டி கொடுப்பதற்கு முன், அங்கே ஏற்கனவே நாய் இருந்தால், நான் முதலில் அந்தக் கிண்ணத்தைத்தான் தடவிப் பார்ப்பேன். பேச்சு அப்புறம்.

உங்கள் காக்கிச் சட்டைக் கையில்கூட வெள்ளை நாய்முடி ஒட்டியிருக்கிறது, மேடம். வாரத்துக்கு இரண்டு முறையாவது சீவிவிட வேண்டும். பரவாயில்லை, யாரும் செய்வதில்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன். இடையில் நிறுத்தாமல் கேட்டால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

இருபத்திரண்டு வருஷமாக நான் நாய் வளர்க்கிறேன், பழக்குகிறேன். பெட்டைக்கு இரண்டு வயது முடியாமல் இணை சேர்த்ததில்லை. ஆயுளில் மூன்று ஈத்துக்கு மேல் எடுத்ததில்லை. எட்டு வாரம் தாயோடு இருக்காத குட்டி என் பண்ணையின் வாசலைத் தாண்டியதில்லை. ஒருத்தர் வந்து, "பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை பொறந்தநாள் சார், அதுக்குள்ள குடுத்துடுங்க" என்றார். பொம்மைக் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். இன்னொரு அம்மாள் தன் வீட்டு சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகக் குட்டி கேட்டாள். இப்படிப்பட்டவர்கள்தான் மேடம் ஊர் முழுக்க இருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் நாய்கள் இத்தனை பொறுமையாக இருப்பதை நினைத்து நான் பல நாள் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

என் தங்கைக்கு நான் குட்டி கொடுத்திருக்கக் கூடாது. அது என் தப்புதான். "அண்ணா, கண்டவங்களுக்கெல்லாம் குடுக்கற, கூடப் பொறந்தவளுக்குக் குடுக்க மாட்டியா?" என்று ஒரு வருஷம் அரித்தாள். அவள் நல்லவள். ஆனால் கணவன் சிரித்தால் சிரிப்பாள், அவர் முகம் சுளித்தால் இவளும் சுளிப்பாள். அவளுக்கென்று ஒரு முகம் இருந்ததை நான் கடைசியாகப் பார்த்தது அவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

மாப்பிள்ளை பல் டாக்டர். வீட்டின் முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் குடித்தனம். நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கை விட்டுக்கொண்டிருக்கிற மனிதர். எல்லா வாயும் தனக்காகத் திறந்தே இருக்கும் என்று நம்பிவிட்டார். குட்டியைக் கொடுத்தபோது நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். தினமும் இரண்டு வேளை நடை. சாப்பாட்டு மேஜையிலிருந்து எதுவும் போடக் கூடாது. சாப்பிடும்போது தொந்தரவு செய்யக் கூடாது. ஏதாவது சிக்கல் என்றால் என்னிடம்தான் கொண்டுவர வேண்டும். அவர் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "மச்சான், பொண்ணு குடுக்கும்போதுகூட உங்க வீட்ல இவ்ளோ கேக்கலையே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தங்கை சிரித்தாள்.

அந்த வீட்டில் நாய்க்கு மூன்று பெயர். அவர் டைகர் என்பார். தங்கை செல்லம் என்பாள். அவர்கள் குழந்தை பிஸ்கட் என்பாள். எந்தப் பெயருக்கும் அது திரும்பாது. பிறகு, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று குறை. நடை என்பது மொட்டைமாடியில் அவிழ்த்துவிடுவதோடு சரி. கேட் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். விருந்தாளி வந்தால் அவருக்கு ஒரு வேடிக்கை உண்டு. நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குனிந்து தட்டைப் பிடுங்குவார். கொஞ்ச நேரம் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்ப வைப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். நீங்கள் சாப்பிட உட்கார்ந்த தட்டை ஒருத்தன் தினமும் பிடுங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நாய் ஒரு வருஷம் பொறுத்தது. அப்புறம் உறுமியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் பண்ணையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு நாய். பின்னால் கரும்பலகையில் நானே எழுதியது இருந்தது. நீங்கள் அதைப் படம் எடுத்து வைத்திருப்பீர்கள். உறுமும் நாயை அடிக்காதீர்கள், உறுமல் என்பது எச்சரிக்கை, அதை நிறுத்திவிட்டால் மிச்சம் இருப்பது கடி மட்டும்தான். அதைத்தான் அன்றைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை காரிலிருந்து நாயை இழுத்துக்கொண்டு நேரே மைதானத்துக்குள் வந்தார்.

"மச்சான், உங்க சரக்குல ஏதோ கோளாறு. தட்ட எடுத்தா உறுமுது. ரிப்பேர் பண்ணிக் குடுங்க. கேரண்டி இருக்குல்ல?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தர் ஒன்பது வருஷமாக என்னிடம் படிக்கிறவர். நானும் சிரித்தேன்.

"என்ன பண்ணணும் மாப்ள?"

"உறுமக் கூடாது. அவ்ளோதான்."

"உறுமாது" என்றேன்.

சாப்பாட்டைக் காக்கிற நாயைத் திருத்த வழி இருக்கிறது, மேடம். தூரத்தில் நின்று அதன் தட்டில் இன்னும் நல்லதாக ஒரு துண்டு போட வேண்டும். நாளுக்கு ஒரு அடி நெருங்க வேண்டும். மனிதக் கை வந்தால் எடுக்காது, கொடுக்கும் என்று நாயின் மனதில் பதிய வேண்டும். மூன்று மாதம் ஆகும். பத்தொன்பது நாய்களை அப்படித் திருத்தியிருக்கிறேன். அந்த வீட்டு மனிதர்களையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கும். அது இல்லாமல் நாயை மட்டும் திருத்திப் புண்ணியமில்லை. அவர் கேட்டதும் அது இல்லை. உறுமக் கூடாது என்றார். நான் அவர் கேட்டதைச் செய்தேன்.

இழுத்தால் கழுத்தை நெரிக்கிற இறுக்குச் சங்கிலி ஒன்று பரணில் கிடந்தது. வகுப்பில் யார் கையிலாவது அதைப் பார்த்தால் அன்றோடு அவரை வெளியே அனுப்பிவிடுவேன். அவர் விட்டுப்போன நாயின் கழுத்தில் அதை எடுத்து மாட்டினேன். தட்டை வைத்தேன். கையைத் தட்டுக்கு நீட்டினேன். தொண்டையில் சத்தம் கிளம்பிய நொடியில் சங்கிலியை இழுத்தேன். மூச்சு நிற்கும் வரைக்கும்தான், அதற்கு மேல் ஒரு நொடிகூட இல்லை. எனக்கு அளவு தெரியும். முதல் நாள் பதினொரு முறை உறுமியது. மூன்றாம் வாரம் ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. நாற்பது நாள் முடிவதற்குள் சத்தமே இல்லை. புத்திசாலி நாய். என் ஈத்து.

கோபம் எங்கும் போகவில்லை. சத்தம் மட்டும்தான் போயிருந்தது. கையை நீட்டினால் உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும். அந்த வீட்டில் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். முப்பத்தெட்டாவது நாள் ஒரு தோல் கையுறைக்குள் துணியை அடைத்து, குச்சியில் கட்டி, தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினேன். முன்னறிவிப்பே கிடையாது. ஒரே கடி, விடவில்லை. இரண்டு விரல் தனியாக வந்துவிட்டது. கையுறையைத் தேட ஆள் அனுப்ப வேண்டாம். அன்றைக்கே எரித்துவிட்டேன்.

நாற்பதாவது நாள் குளிப்பாட்டி, நகம் வெட்டி, காது துடைத்து, கொண்டுபோய் விட்டேன். மாப்பிள்ளை உடனே தட்டை வைத்துப் பிடுங்கிப் பார்த்தார். நாய் சிலையாக நின்றது. "பாரு, பூனையா மாறிடுச்சு. மச்சான் கைகாரர்தான்" என்று தங்கையிடம் சொன்னார். கல்யாணமான பத்து வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

நான் எதை எதிர்பார்த்தேன் என்று நேற்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. அவருடைய வலது கை. இரண்டு விரல் போயிருந்தால் போதும். கொல்கிற எண்ணம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. வாய் என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். தங்கைக்கு ரொம்பச் சந்தோஷம். "இப்பல்லாம் அண்ணா நம்மளோட ஒட்டிக்கிச்சு" என்றாள். மாப்பிள்ளை வாராவாரம் வேடிக்கை காட்டினார். கிளினிக் நர்ஸுக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு, தன் கூடப் படித்த டாக்டர்களுக்கு. நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். பத்து ஞாயிறு போயிற்று. நாய் விறைத்தது, பொறுத்தது. அங்கேதான் நான் தவறிவிட்டேன். அவரிடம் அதற்குப் பயம் இருந்தது. தான் பயப்படுகிற ஆளை நாய் கடைசியில்தான் கடிக்கும். அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். என் தொழிலில் இப்படி ஒரு பிழை இதற்கு முன் நேர்ந்ததில்லை.

குழந்தைக்கு ஏழு வயது. என் மருமகள். அந்த வீட்டில் அறிவு இருந்தது அவளுக்குத்தான். நாய் வந்த முதல் வாரமே மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தேன். சாப்பிடும்போது பக்கத்தில் போகக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது, கட்டிப் பிடிக்கக் கூடாது. விரலை மடக்கி மடக்கித் திருப்பிச் சொன்னாள். அதன் பிறகு, நாய் தட்டை நக்கி முடிக்கும் வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே நிற்பாள். "அப்பா, மாமா எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று அவருக்கே சொல்வாள். அவர், "உங்க மாமா நாய்க்கெல்லாம் ஹெட்மாஸ்டர்டா கண்ணு" என்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தங்கை போனில் கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. நான் போனபோது கிளினிக்கின் நாற்காலியில் குழந்தையைச் சாய்த்து வைத்து, மாப்பிள்ளை இரண்டு கையாலும் அவள் முகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சத்தமே போடலையே அண்ணா, அது சத்தமே போடலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் தலையில் கை வைத்தேன்.

இடது கண் போய்விட்டது. கன்னத்தில் இன்னும் இரண்டு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது என்கிறார்கள். நாயை மறுநாளே ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இனத்தையே தடை செய்ய வேண்டும் என்று தெருவில் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். அதில் எத்தனை பேர் தங்கள் வீட்டுக் கேட்டை ஒழுங்காகச் சாத்துகிறவர்கள் என்று நான் கேட்க ஆசைப்படுகிறேன். அந்த நாய்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நீங்கள் என்னை இங்கே கூப்பிட்டது நாய்க்காக இல்லை, குழந்தை சொன்னதற்காக. மயக்கம் தெளிந்து பேச முடிந்ததும் அவள் முதலில் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். "என்னத் திட்டாதீங்கம்மா, நான் மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன்." அவள் பொய் சொல்கிற குழந்தை இல்லை.

முந்தின ஞாயிறு. சாப்பிட்டு முடித்துப் பின்கட்டுக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கூடத்தில் டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, பிஸ்கட் இப்பல்லாம் உறுமறதே இல்ல."

"ஆமாம்மா."

"அப்போ அது நல்லதா மாறிடுச்சா? அப்பா தட்ட எடுத்தாக்கூட ஒண்ணும் பண்ணல. அது சாப்பிடும்போது நானும் பக்கத்துல உக்காரலாமா மாமா?"

எனக்கு நேரம் இருந்தது. துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்காமல் விடுகிற குழந்தை இல்லை அவள். நான் சொல்கிற பதில் அப்படியே கூடத்துக்குப் போகும். மாப்பிள்ளை எழுந்து வந்து, "என்ன மச்சான், ரிப்பேர் சரியாகலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அந்தச் சிரிப்பு என் காதில் அப்போதே கேட்டது.

உட்காரலாம் என்றேன். கேட்டுவிட்டுச் செய்வது நல்ல பழக்கம் என்றும் சொன்னேன்.

இதில் கையெழுத்துப் போடுகிறேன், மேடம். எங்கே என்று காட்டுங்கள். ஒரு விஷயம் மட்டும் என் தங்கையிடம் சொல்ல வேண்டும். குழந்தைக்கு இனிமேல் நாயைக் கண்டாலே நடுங்கும். இந்த வயதில் அதைக் கவனிக்காமல் விட்டால் கடைசி வரை போகாது. கட்டுப் பிரித்ததும் அவளை என்னிடம் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் தெரிந்தவன் கையில் விட வேண்டிய விஷயம்.